நடுவர் சண்டையை எப்போது நிறுத்த வேண்டும்? குத்துச்சண்டை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டிகளில் பல ஆண்டுகள் நடுவராக நின்றிருக்கிறேன். ரிங்கை விட்டு இறங்கும்போது பெற்றோரோ பயிற்சியாளரோ பார்வையாளரோ வழிமறித்து, "ஏன் நிறுத்தினீர்கள்?" என்றோ "ஏன் நிறுத்தாமல் விட்டீர்கள்?" என்றோ கேட்காத நாட்கள் குறைவு. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அமெச்சூர் விதியும் தொழில்முறை விதியும் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

1. சண்டையை நிறுத்துகிற அதிகாரம் நடுவருக்கு மட்டும்தானா? டாக்டர் நிறுத்த முடியாதா?

பெரும்பாலான விதிப்புத்தகங்கள் இறுதி முடிவை நடுவரிடமே ஒப்படைக்கின்றன. குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் அமெரிக்க மாநில ஆணையங்கள் பலவும் பின்பற்றும் பொது விதிகள், சண்டையை நிறுத்தும் உரிமை நடுவர் ஒருவருக்கே உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ரிங் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அவருக்கு ஆலோசனை சொல்பவர். சில ஆணையங்களில் மருத்துவருக்கும் நேரடியாக நிறுத்தும் உரிமை உண்டு. விதி எப்படி இருந்தாலும், மருத்துவர் "போதும்" என்று சொன்னபிறகு சண்டையைத் தொடரவிடுவது சரியென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

புள்ளி போடும் நீதிபதிகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. வீரரின் மூலையில் இருப்பவர்களின், அதாவது அவருடைய பயிற்சியாளர், உதவியாளர்களின் பங்கு பெரியது. அதை 7ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

2. கீழே விழுந்தால் நிறுத்துவது புரிகிறது. நின்றுகொண்டிருப்பவரை ஏன் நிறுத்துகிறார்கள்?

விழுந்தவருக்கு எண்ணிக்கை கிடைக்கிறது. குறைந்தது எட்டு வினாடி யாரும் அவரைத் தொட முடியாது. தொழில்முறைப் போட்டியில் நின்றுகொண்டே அடிவாங்குபவருக்கு அந்த எட்டு வினாடியும் இல்லை. கயிறு முதுகைத் தாங்கிக்கொண்டிருப்பதால் விழவும் முடியாமல், கை தூக்கவும் முடியாமல் நிற்பவர்தான் குத்துச்சண்டையில் மிக அதிக ஆபத்தில் இருப்பவர்.

1962ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த வெல்டர்வெயிட் எடைப்பிரிவு உலகப் பட்டச் சண்டையின் 12ஆம் சுற்றில் பென்னி பேரட் அப்படித்தான் மூலையில் சிக்கிக்கொண்டார். எமில் கிரிஃபித்தின் அடிகள் பதிலின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கயிற்றில் சாய்ந்திருந்ததால் அவர் உடல் கீழே சரியவில்லை. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் அனுபவம் மிக்கவர். ஆனாலும் அவர் குறுக்கே பாய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. பேரட் நினைவு திரும்பாமலேயே பத்து நாள் கழித்து இறந்தார். அடி தாங்குபவர், எப்படியும் மீண்டு வருபவர் என்ற பெயர் பேரட்டுக்கு இருந்தது. அத்தகைய பெயர் ஒரு வீரருக்கு இருந்தால் நடுவர் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டுமே தவிர, அந்தப் பெயரை நம்பிப் பொறுத்திருக்கக் கூடாது.

3. நடுவர் அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறார்? எங்களுக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்?

பார்வையாளர்களின் கண் பெரும்பாலும் அடிப்பவரின் கையைத் தொடரும். நடுவரின் கண் அடிபடுபவரின் முகத்திலும் காலிலும் இருக்க வேண்டும். நிற்கும் இடத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருப்போம்: அடிபடுபவரின் முதுகு என் பக்கம் திரும்பினால் இரண்டு எட்டு வைத்து அவர் முகம் தெரியும் பக்கத்துக்கு வந்துவிடுவேன். முகம் தெரியாத இடத்தில் நிற்கும் நடுவர், எவ்வளவு விதி படித்திருந்தாலும், பார்வையாளரில் ஒருவர்தான்.

முதலில் கால்கள். நலமாக இருப்பவர் அடி வாங்கினாலும் கால் தானாகவே இடம் மாற்றிக்கொள்ளும். மூளை கலங்கியவரின் கால் ஒரு கணம் தாமதித்து, பாதம் முழுவதும் தரையில் பதிந்து, தரை எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் வைக்கும். அடுத்து கண்கள். எதிராளியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்த கண் எங்கோ தொலைவில் நிலைக்கும்; அல்லது அடிக்கடி இமைக்கும். வாய் திறந்து பல்காப்பு பாதி வெளியே தொங்கும். குத்திய கை முகத்துக்குத் திரும்பாமல் இடுப்பிலேயே நின்றுவிடும். "பிரியுங்கள்" என்று நான் சொன்னால் எதிராளி பிரிந்துவிடுவார். இவருக்கு அது காதில் விழ ஒரு வினாடி கூடுதலாகும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு. அடிபட்ட அனுபவசாலி எதிராளியைக் கட்டிப்பிடித்துக்கொள்வார், அல்லது விலகி ஓடுவார், அல்லது கையையும் தோளையும் மடக்கி உடலைச் சுருக்கிக்கொள்வார். இவை பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் மூளை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. கட்டிப்பிடிக்கக்கூடத் தோன்றாமல், நேராக நின்று, வலுவில்லாத கையைத் திரும்ப வீசிக்கொண்டிருப்பவரைப் பார்த்து அரங்கம் "என்ன வீரம்!" என்று ஆர்ப்பரிக்கும். எனக்கு அப்போதுதான் அடிவயிறு கலங்கும்.

4. பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிட்டால் தொடரவிட வேண்டியதுதானே? விதி அதுதானே?

இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படையான, 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் பத்து வினாடியைக் கொடுத்தன. ஆனால் எழுந்து நிற்பது பாதி மட்டுமே. தொழில்முறைப் போட்டிகளில் இன்று கட்டாய எட்டு எண்ணிக்கை வழக்கத்தில் உள்ளது: மூன்றிலேயே எழுந்துவிட்டாலும் நடுவர் எட்டு வரை எண்ணிய பிறகே சண்டை தொடரும். அந்த நேரம் வீரர் மூச்சு வாங்குவதற்கு மட்டும் உரியதன்று; நடுவர் அவரைச் சோதிப்பதற்கும் உரியது. விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டி எண்ணும்போது அவர் கண் விரல்களைப் பின்தொடர்கிறதா என்று பார்க்கிறோம். கையுறைகளைப் பிடித்து என் சட்டையில் துடைக்கும்போது, தரையிலிருந்து அவற்றில் ஒட்டிய தூசியும் பிசினும் போகின்றன. அதோடு அவர் கையில் வலு இருக்கிறதா, நான் இழுத்தால் தடுமாறுகிறாரா என்பதும் என் கைக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு "என்னை நோக்கி நடந்து வாருங்கள்" என்போம்.

2018 டிசம்பர் 1ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் டியோன்டே வைல்டரோடு மோதிய டைசன் ஃபியூரி, 12ஆம் சுற்றில் மல்லாந்து விழுந்தார். கையை அசைத்துச் சண்டையை அங்கேயே முடித்திருந்தாலும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். நடுவர் ஜாக் ரைஸ் குனிந்து எண்ணினார். ஃபியூரி ஒன்பதில் எழுந்தார். ரைஸ் அவரிடம் பேசினார், பக்கவாட்டில் நடந்து திரும்பி வரச் சொன்னார், அவர் தெளிவாக நடந்து வந்தார், சண்டை தொடர்ந்தது. அந்தச் சுற்றின் மீதி நேரத்தில் ஃபியூரியே முன்னேறி அடித்தார். போட்டி சமநிலையில் முடிந்தது. அவசரப்படாமல் சோதித்து முடிவெடுப்பதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. எழுந்தும் சோதனையில் தேறாதவருக்கு என்ன நேர வேண்டும் என்பதை 10ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

5. அவரே "நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க" என்று சொல்கிறாரே, அப்புறம் நடுவர் யார் நிறுத்துவதற்கு?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வியும் இதுதான்.

நடுவராகச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு இளைஞனின் சண்டையில் நின்றேன். இரண்டாம் சுற்றில் நெற்றிப்பொட்டில் பலமாக ஒன்று வாங்கினான். நின்றபடியே எட்டு எண்ணி, "தொடர முடியுமா?" என்று கேட்டேன். வேகமாகத் தலையாட்டினான், கையையும் உயர்த்தினான். விட்டேன். அடுத்த பத்து வினாடிக்குள் மூன்று குத்துகள். அவற்றில் ஒன்றைக்கூட அவன் பார்க்கவில்லை. விழுந்தவனை மருத்துவர் தட்டி எழுப்பிக் கேள்விகள் கேட்டார். எந்தச் சுற்று என்று கேட்டதற்கு, "இன்னும் தொடங்கவில்லையே" என்றான். நான் கேட்டதும் அவன் தலையாட்டியதும் அவன் நினைவிலேயே இல்லை. அவன் தேறிவிட்டான். அன்று முதல் "முடியுமா?" என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. "இடதுபக்கம் இரண்டு எட்டு வையுங்கள்", "உங்கள் மூலை எது, காட்டுங்கள்" என்று செய்யத் தகுந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, செய்கிறாரா என்று பார்க்கிறேன்.

குத்துச்சண்டை வீரர் "முடியாது" என்று சொல்லப் பழக்கப்பட்டவர் அல்லர். அவருடைய பயிற்சி முழுவதும் அந்தச் சொல்லை மறப்பதற்கானதுதான். மேலும், தன் நிலையைத் தானே மதிப்பிட வேண்டிய மூளைதான் அடிபட்டிருக்கிறது. ஆகவே அவருடைய விருப்பத்தை மதிக்கலாம், ஆனால் அதைச் சான்றாக ஏற்கக் கூடாது.

6. முகமெல்லாம் ரத்தம். இன்னும் நிறுத்தாமல் இருக்கிறாரே?

ரத்தம் கண்ணுக்குத் தெரிகிற காயம். ஆபத்தான காயம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. மூக்கிலிருந்தோ உதட்டிலிருந்தோ வழியும் ரத்தத்துக்காகச் சண்டையை நிறுத்துவது அரிது. வெட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். புருவத்தின் மேல் இருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கினால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் குத்து தெரியாது. கண்ணிமையிலேயே வெட்டு இருந்தாலோ, எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாக இருந்தாலோ நிறுத்த வேண்டும்.

2003 ஜூன் 21இல் லெனாக்ஸ் லூயிஸுக்கு எதிராக விட்டாலி கிளிச்கோ ஆறு சுற்று முடிவில் மூன்று நீதிபதிகளின் கணக்கிலும் முன்னணியில் இருந்தார். அவருடைய இடது கண்ணைச் சுற்றி ஆழமான வெட்டுகள். மருத்துவர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். கிளிச்கோ கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. வெட்டு முறையான குத்தால் ஏற்பட்டது என்பதால் லூயிஸுக்கு டெக்னிக்கல் நாக் அவுட் (எதிராளி தொடர முடியாமல் சண்டை நிறுத்தப்படுவது) வெற்றி. தற்செயலாகத் தலையோடு தலை மோதி ஏற்பட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்: பொது விதிகளின்படி நான்கு சுற்று முடிவதற்கு முன் என்றால் யாருக்கும் வெற்றி இல்லை, அதற்குப் பிறகு என்றால் அதுவரையிலான புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரை அறிவிப்பார்கள். அதனால் வெட்டு விழுந்த நொடியிலேயே அது குத்தாலா மோதலாலா என்பதை ரிங் ஓரத்தில் இருக்கும் அதிகாரிகளின் மேசைக்கு நடுவர் அறிவித்துவிட வேண்டும்.

7. மூலையிலிருந்து துண்டை வீசிவிட்டால் சண்டை முடிந்துவிட்டதா?

பார்வையாளர்கள் நினைப்பதுபோல் எல்லா இடத்திலும் தானாக முடிந்துவிடாது. துண்டு ஒரு வேண்டுகோள். நடுவர் அதை ஏற்று நிறுத்தினால்தான் சண்டை முடியும். துண்டை எவர் வேண்டுமானாலும் வீசிவிடலாம் என்பதால், மூலையில் இருப்பவர் ரிங்கின் விளிம்பில் ஏறி நின்றோ அதிகாரியிடம் சொல்லியோ தெரிவிக்க வேண்டும் என்பது பல ஆணையங்களின் முறை. நடைமுறையில், தலைமைப் பயிற்சியாளரே நிறுத்தச் சொல்லும்போது மறுக்கும் காரணம் எதுவும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த வீரர் வழக்கமாக எப்படி நிற்பார், எப்படி மூச்சு விடுவார் என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

அப்படி நிறுத்தச் சொன்னதற்காகப் பயிற்சியாளர்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1975 அக்டோபர் 1இல் மணிலாவில், 14 சுற்று முடிந்த பின் ஜோ ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் மேலும் அனுப்ப மறுத்தார். இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் மீதமிருந்தது. 2020 பிப்ரவரி 22இல் ஏழாம் சுற்றில் வைல்டரின் பயிற்சிக் குழுவிலிருந்து அவருக்காகத் துண்டு வீசிய மார்க் பிரேலண்ட், 1984 ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றவர். அந்தச் செயலுக்குப் பின் அந்தக் குழுவில் அவருக்கு இடமில்லாமல் போனது. இவர்கள் இருவருமே சரியாகச் செய்தார்கள் என்பது என் உறுதியான கருத்து.

2019 ஜூலை 19இல் மக்சீம் தாதாஷெவின் மூலையில் 11ஆம் சுற்று முடிவில் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. பயிற்சியாளர் பட்டி மெக்கிர்ட் நிறுத்திவிடலாம் என்று கெஞ்சுகிறார். வீரர் மறுத்துத் தலையசைக்கிறார். வீரரின் ஒப்புதல் இல்லாமலேயே மெக்கிர்ட் நிறுத்துகிறார். அப்படியும் தாதாஷெவ் நான்கு நாள் கழித்து இறந்தார். 5ஆம் பதிலில் சொன்ன தலையாட்டலும் இந்தத் தலையாட்டலும் வேறுவேறல்ல.

8. அமெச்சூர் போட்டிகளில் லேசாகத் தட்டினாலே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இவ்வளவு பயம் எதற்கு?

அமெச்சூர் போட்டியில் விழாத வீரருக்கும், கலங்கியிருக்கிறார் என்று நடுவருக்குத் தோன்றினால், நின்றபடியே எட்டு எண்ணலாம். தொழில்முறைப் பொது விதிகளில் அதற்கு இடமில்லை. அங்கே தொடரவிடுவது, நிறுத்துவது என்ற இரண்டு வழிகளே உண்டு. அமெச்சூரில் ஒரே சுற்றில் மூன்று எண்ணிக்கை வந்தால் பொதுவாகச் சண்டை முடிந்தது.

இந்தப் போட்டிகளில் வருபவர்கள் பலர் பள்ளி, கல்லூரி வயதினர். சுற்றுகளும் மூன்றே. திறமையில் பெரிய இடைவெளி இருப்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால், அடி விழும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை; ஒருதலைப்பட்சமான சண்டையை நிறுத்தும் உரிமையை விதியே கொடுத்திருக்கிறது. தலைக்கவசம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

9. ஒரே ஒரு பயங்கரமான குத்துதானே உயிரை எடுக்கும்? அதை யாரால் முன்கூட்டித் தடுக்க முடியும்?

அப்படியும் நடக்கும். ஆனால் ரிங்கில் நேர்ந்த மரணங்களைத் திரும்பிப் பார்த்தால், நீண்ட கடினமான சண்டையின் பிற்பகுதியில் நேர்ந்தவை பல. 1982 நவம்பர் 13இல் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் துக்கு 14ஆம் சுற்றில் விழுந்தார். அவரை வீழ்த்திய அடிக்கு முன் 13 சுற்றுகள் அடி வாங்கியிருந்தார். சில நாட்களில் உயிர் பிரிந்தது. அதன் பிறகுதான் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டச் சண்டைகளை 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டுக்குள் அதே வழிக்கு வந்தன. 2ஆம் பதிலில் சொன்ன பேரட்கூட, அந்தச் சண்டைக்கு மூன்றரை மாதம் முன்புதான் ஜீன் ஃபுல்மரிடம் கடுமையாக அடிவாங்கி நாக் அவுட் ஆகியிருந்தார்.

இதில் நடுவர் கற்க வேண்டியது, ஒரு சுற்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது. யாரும் விழவில்லை, யாரும் தள்ளாடவில்லை, ஆனால் ஆறாம் சுற்றிலிருந்து ஒருவர் ஒவ்வொரு சுற்றையும் தோற்றுக்கொண்டே வருகிறார், வெல்லும் வழி எதுவும் தென்படவில்லை என்றால், இடைவேளையின் ஒரு நிமிடத்தில் அவர் மூலைக்குச் சென்று, "அடுத்த சுற்றில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவேன்" என்று பயிற்சியாளருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும்போதே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. அப்போது இன்னொரு அடி விழாது.

10. இன்னும் இரண்டே வினாடிதான் இருந்தது என்கிறார்களே, அந்தச் சண்டையையும் நிறுத்தியது நியாயமா?

1990 மார்ச் 17இல் லாஸ் வேகாஸில் நடந்த ஹூலியோ சீசர் சாவேஸ் – மெல்ட்ரிக் டெய்லர் சண்டையைச் சொல்கிறார்கள். இரண்டு நீதிபதிகளின் கணக்கில் டெய்லர் வெகுதூரம் முன்னால் இருந்தார். கடைசிச் சுற்றை நின்று முடித்திருந்தாலே வெற்றி அவருக்கு. அந்தச் சுற்றின் கடைசி விநாடிகளில் சாவேஸ் வீழ்த்தினார். டெய்லர் கயிற்றைப் பிடித்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு எண்ணி, நலமா என்று இரண்டு முறை கேட்டார். பதில் வரவில்லை, டெய்லரின் முகம் தன் மூலைப்பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டீல் கையை அசைத்தார். இரண்டு வினாடி மீதமிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த விவாதம் ஓயவில்லை. எதிர்த்தரப்பு வாதமும் வலுவானதே: இரண்டு வினாடியில் சாவேஸ் ரிங்கைக் கடந்து வந்து அடித்திருக்க முடியாது, மூலையில் ஏறிய பயிற்சியாளரால்தான் டெய்லரின் கவனம் சிதறியது என்கிறார்கள். ஆனாலும் நான் ஸ்டீலின் பக்கம். நடுவர் கடிகாரத்தையும் புள்ளியையும் கணக்கில் எடுக்கத் தொடங்கினால், 4ஆம் பதிலில் சொன்ன சோதனைக்குப் பொருளே இல்லாமல் போகும். முதல் சுற்றில் பதில் சொல்லாதவரை நிறுத்துவோம், கடைசிச் சுற்றில் பதில் சொல்லாதவரை விட்டுவிடுவோம் என்று ஒரு நடுவர் நடக்க முடியாது. அன்றிரவு டெய்லரின் முகத்தில் எலும்பு முறிந்திருந்தது. நிறைய ரத்தத்தை விழுங்கியிருந்தார்.

11. சீக்கிரமே நிறுத்தி, ஜெயிக்க வேண்டியவரின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டால்? அது பாவமில்லையா?

பாவம்தான். மறுக்க மாட்டேன். ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு கையசைவில் போகிறது. 2005 மே 7இல் டியேகோ கொராலஸ் பத்தாம் சுற்றில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை நடுவர் டோனி வீக்ஸ் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தொடரவிட்டார், அதே சுற்றில் கொராலஸ் திருப்பி அடித்து ஹோசே லூயிஸ் காஸ்டியோவை நிறுத்தவைத்தார். இதை எடுத்துக்காட்டி, "எப்போதும் விட வேண்டும்" என்று வாதிடுவோர் உண்டு. வீக்ஸ் கண்மூடித்தனமாக விடவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்; இரண்டு முறையும் கொராலஸின் கண் தெளிவாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபக்கம், 2013 நவம்பர் 23இல் மான்செஸ்டரில் கார்ல் ஃபிராச்சோடு மோதிய ஜார்ஜ் குரோவ்ஸை ஒன்பதாம் சுற்றில் நடுவர் ஹோவர்ட் ஃபாஸ்டர் நிறுத்தியது அவசரம் என்று பலர் கொதித்தார்கள். குரோவ்ஸ் மூன்று நீதிபதிகளின் கணக்கிலும் முன்னணியில் இருந்தார். ஆறு மாதம் கழித்து வெம்ப்ளி அரங்கில் ஏறத்தாழ 80,000 பேர் முன்னிலையில் அவரும் ஃபிராச்சும் மறுபடி மோதினார்கள். இம்முறை ஃபிராச் எட்டாம் சுற்றில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் வென்றார். குரோவ்ஸ் பின்னாளில் உலகப் பட்டமும் பெற்றார். முன்கூட்டி நிறுத்திய தவறை இப்படி ஒரு மறுபோட்டி சரிசெய்துவிடலாம். பேரட்டுக்கு மறுபோட்டி என்று ஒன்று இல்லை. சந்தேகம் வரும்போது நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

12. உலகப் பட்டச் சண்டையில் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுக்கலாம் அல்லவா?

பல நடுவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது உண்மை. சாம்பியன் தன் பட்டத்தை இழக்கும் முன் அவருக்கு ஒரு வாய்ப்பு கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலமாக உள்ளது. மண்டையோட்டுக்குப் பட்டம் தெரியாது. கலங்காத அனுபவசாலிக்கு, 3ஆம் பதிலில் சொன்ன தற்காப்பு உத்திகளைப் பயன்படுத்தச் சில வினாடி தரலாம். அது அனுபவத்துக்கான மதிப்பு. அதே அனுபவசாலி அந்த உத்திகளைப் பயன்படுத்தாவிட்டால் புதியவரைவிட முன்னதாகவே நிறுத்த வேண்டும்.

13. அடியே விழாமல் ஒருவர் தானாக முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டால்? பயந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

அப்படி நினைப்பதை உடனே கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1995 பிப்ரவரி 25இல் லண்டனில் நைஜல் பென்னோடு மோதிய ஜெரால்ட் மெக்லெல்லன், பல்காப்பு வெளியே தொங்கியபடி, இமைகளை அடிக்கடி கொட்டியபடி சண்டையிட்டுக்கொண்டிருந்தார். பத்தாம் சுற்றில் இரண்டு முறை முட்டிபோட்டார். இரண்டாம் முறை எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அப்போது சிலர் பேசினார்கள். சில நிமிடங்களில் அவர் மூலையில் சரிந்தார். மூளையில் ரத்தக்கட்டு. உயிர் பிழைத்தார்; பார்வை போய்விட்டது.

அஞ்சாதவர் என்று பெயரெடுத்தவர் காரணமில்லாமல் முட்டிபோட்டாலோ, முதுகைத் திருப்பினாலோ, தலையைப் பிடித்துக்கொண்டாலோ, பார்வை மங்குகிறது என்றாலோ அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எண்ணிக்கையைக்கூட முடிக்க வேண்டியதில்லை.

14. நடுவர் சரியான நேரத்தில் நிறுத்தியும் உயிர் போயிருக்கிறதே? அப்புறம் நிறுத்தி என்ன பயன்?

11ஆம் பதிலில் வந்த அதே டோனி வீக்ஸ், அதே 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 17இல், லாஸ் வேகாஸில், லெவாண்டர் ஜான்சனின் சண்டையை 11ஆம் சுற்றில் நிறுத்தினார். ஜான்சன் நடந்தே ரிங்கை விட்டுச் சென்றார். உடைமாற்றும் அறையில் சரிந்தார்; ஐந்து நாள் கழித்து இறந்தார். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலான மெல்லிய ரத்தநாளங்கள் அறுபட்டால் ரத்தம் மெல்ல மெல்லச் சேரும். முதலில் ஆள் தெளிவாகவே பேசுவார், நடப்பார். அழுத்தம் கூடும்போதுதான் அடையாளம் தெரியும். நடுவர் நிறுத்துவதால் அதன் பிறகு விழும் அடிகள் தவிர்க்கப்படுகின்றன. ஏற்கெனவே விழுந்தவற்றுக்கு மருத்துவம்தான் வழி.

அந்த மருத்துவம் எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. 1991 செப்டம்பர் 21இல் கிறிஸ் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சனின் சண்டை 12ஆம் சுற்றில் நிறுத்தப்பட்டது. ரிங் ஓரத்தில் சுவாசத்தை மீட்கும் ஏற்பாடு இல்லை. முதலில் கொண்டுசெல்லப்பட்ட மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவும் இல்லை. நாற்பது நாள் நினைவின்றிக் கிடந்தார். போதிய மருத்துவ ஏற்பாட்டை உறுதிசெய்யாததற்குப் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதன் பிறகு ஏற்பாடுகள் பல இடங்களில் மாறின. 2003இல் லண்டன் மாரத்தான் தொலைவை ஆறு நாளில் வாட்சன் நடந்தே கடந்தார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கவில்லை என்றால் நான் மணியடிக்க விடுவதில்லை. இதற்காகப் போட்டிகள் தாமதமானதும் உண்டு. யார் கோபித்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

15. பயிற்சிக் கூடத்தில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யும்போது நடுவரே இல்லையே? அங்கே யார் நிறுத்துவது?

பயிற்சியாளர்தான். ஒரு வீரர் போட்டியில் வாங்கும் அடியைவிடப் பயிற்சியில் வாங்கும் அடி பல மடங்கு அதிகம். அங்கே எண்ணிக்கையும் இல்லை, மருத்துவரும் இல்லை. 3ஆம் பதிலில் உள்ள அடையாளங்களில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது என்று அறிவித்துவிட வேண்டும். "இந்த ரவுண்டை மட்டும் முடித்துக்கொள்" என்ற பேச்சே கூடாது. போட்டிக்கு முன் கூடத்தில் தலைவலி என்று சொன்ன வீரரை மறைத்து ரிங்குக்கு அனுப்பினால், என்னைப் போன்ற நடுவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவருக்கு முழு உண்மை தெரியாது.

16. என் பையனின் சண்டையை நடுவர் நிறுத்திவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாள் இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், கை கால் ஒரு பக்கம் வலுவிழந்தால், எழுப்பினாலும் எழாத அளவுக்கு அசந்து தூங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மூளை அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். நடந்தது குத்துச்சண்டை, தலையில் அடி என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். வலி தாங்கவில்லை என்று ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். எந்த மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்தாலும், மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை ஸ்பாரிங் கூடாது. தலையில் அடிபட்டுச் சண்டை நிறுத்தப்பட்ட வீரருக்குக் கட்டாய ஓய்வு விதிக்கப்படும். எத்தனை நாள் என்பது அவருடைய பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். வேறு ஊரில், வேறு போட்டியில் பதிவேடு இல்லாமல் இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடமிருந்து உங்கள் பையனை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.